துணி சொல்லும் அளவு

அன்புள்ள தங்கைக்கு,

ஜப்பானியத் துணிகளில் குயில்ட் என்னும் ஒட்டுப்போர்வை தைக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: பிளாக்கின், அதாவது போர்வையின் ஒவ்வொரு கட்டத்தின், அளவை முடிவு செய்துவிட்டுத் துணியைத் தேடாதே. துணியைப் பார்த்து அளவை முடிவு செய்.

கிமோனோத் துணியின் அகலம் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர்தான். அதை நேர்கோட்டில் வெட்டித் தைப்பார்கள். துவைக்கும்போது தையலைப் பிரித்து, துண்டுகளை இணைத்து, மறுபடி ஒரே நீளத்துணியாக்கும் வழக்கமும் உண்டு. அப்படிப் பேணிய துணியை நீயும் வீணாக்கக் கூடாது. 12 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் அகலத்தில் மூன்று கிடைக்கும், கழிவு இராது.

கசூரி என்னும் துணியைப் பொடிப்பொடியாக நறுக்காதே. நூலை அங்கங்கே இறுகக் கட்டிச் சாயம் தோய்த்து, பிறகு நெய்வது அது. அதனால்தான் உருவின் விளிம்பு கலங்கித் தெரிகிறது. ஜப்பானின் குருமே ஊரில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த இனோவே தென், வெளிறிய பழந்துணியின் புள்ளிகளைக் கண்டு, அதன் நூலைப் பிரித்துப் பார்த்துச் சிறுவயதிலேயே இம்முறையைக் கண்டறிந்தார் என்பார்கள். கசூரியின் உருவை முழுதாக பிளாக்கின் நடுவில் வை. சுற்றிலும் வெற்று நீலம் போதும்.

இந்த நீலத்தைத் தரும் அவுரிச் சாயம் இறங்கும். வெள்ளைத்துணியோடு சேர்க்குமுன், தண்ணீர் தெளியும்வரை தனியே அலசு.

சாஷிகோ என்னும் ஓட்டுத்தையல் அலங்காரத்துக்கு 'அசனோஹா' என்னும் சணல் இலைக் கோலத்தை எடுத்துக்கொள். சணல் நேராக, விரைவாக வளரும் என்பதால் குழந்தைகளின் உடைகளில் இதை இட்டார்கள். தையல் மேற்புறம் சற்று நீளமாகவும் அடிப்புறம் குட்டையாகவும் விழட்டும். கோடுகள் கூடும் மையத்தில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சிறு இடைவெளி விடு. நாலைந்து தையலுக்கு ஒருமுறை விரலால் நீவி நூலைத் தளர்த்து. திருப்பங்களில் அடிப்புறம் கொஞ்சம் நூல் மிச்சம் வை. இல்லையென்றால் துணி சுருங்கிவிடும்.

ஜப்பானின் வடக்கே அவோமோரியின் குளிரில் பருத்தி விளையாது. அங்கே ஏழை உழவர் வீட்டுப் பெண்கள் கிடைத்த கந்தலை அடுக்கடுக்காகத் தைத்துக் குடும்பத்தைக் குளிரிலிருந்து காத்தார்கள். 'போரோ' எனப்படும் அந்தத் துணிகளை இன்று கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைக்கிறார்கள். அவர்கள் தேவைக்காகக் கற்ற சிக்கனத்தை, நீ மரியாதைக்காகக் கற்றுக்கொள். வெட்டியதில் மிஞ்சும் சிறு துண்டையும் எடுத்து வை. அடுத்த பிளாக்கை அதிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
உன் அக்கா