சுவரொட்டியும் மக்கள் தொடர்பும்

செய்தித்தாளை விலை கொடுத்து வாங்க வேண்டும். வானொலியைக் கேட்க நேரம் ஒதுக்க வேண்டும். சுவரொட்டியோ வழிச்செல்வோரின் கண்ணில் தானே படுகிறது. எனினும், அது பெறும் கவனம் சில விநாடிகளே. அதற்குள் ஒரு கருத்தை மனத்தில் பதியவைப்பதே சுவரொட்டி அமைப்பின் அடிப்படைச் சிக்கலாகும்.

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் இச்சிக்கல் மேலும் கடினமானது. தமிழக எல்லையை ஒட்டிய இங்குத் தெலுங்குடன் தமிழும் வழங்குகிறது. திருமலைக்கு வரும் யாத்திரிகர்களோ பல மொழியினர். மேலும், 1981ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அம்மாநிலத்தில் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவரே எழுத்தறிவு பெற்றிருந்தனர். எழுத்தைவிட உருவமே செய்தியைச் சுமக்க வேண்டியிருந்தது.

முகமும் சின்னமும்

எழுத்தறியாத வாக்காளரை முன்னிட்டே 1951-52 பொதுத் தேர்தலில் சின்னங்கள் பயன்படுத்தப்பட்டன. 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என்.டி. ராமராவ், 1983 ஜனவரித் தேர்தலில் குடிவாடா, திருப்பதி ஆகிய இரு தொகுதிகளிலும் வென்றார். 1960இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றில் வேங்கடேசுவரராக நடித்தவர் அவர். அம்முகத்தைச் சுவரொட்டி புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சைக்கிள் சின்னத்தை அதனுடன் இணைத்தால் போதுமானது.

ஆயினும் முகம் மட்டுமே வெற்றி தருவதில்லை. 2008 ஆகஸ்டில் திருப்பதியில் பிரஜா ராஜ்யம் கட்சியைத் தொடங்கிய நடிகர் சிரஞ்சீவி, 2009இல் திருப்பதியில் வென்று பாலகொல்லுவில் தோற்றார். மாநிலத்தின் 294 இடங்களுள் அவரது கட்சி பெற்றவை 18 மட்டுமே.

சமூகச் செய்தி

அரசின் நலத்திட்டச் சுவரொட்டிக்குப் புகழ்பெற்ற முகம் தேவையில்லை. குடும்ப நலத் திட்டத்தின் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் இதற்குச் சான்று. சுவரில் கண்ட அதே குறி, சேவை கிடைக்கும் நிலையத்தின் பலகையிலும் இருந்தது. படிக்கத் தெரியாத தாயும் எங்குச் செல்வது என்பதை அறிய அது உதவியது. சின்னம் செயலுக்கு வழிகாட்டியது.

பிரமுகர்களின் படங்களும் நீண்ட வாசகங்களும் நிறைந்த சுவரொட்டி இப்பணியைச் செய்யாது. ஒரு சுவரொட்டிக்கு ஒரு செய்தி, அதற்கு ஓர் உருவம், மக்கள் மேற்கொள்ள வேண்டிய ஒரு செயல் என்ற வரையறை தேவை. அச்சுக்கு அனுப்புமுன், யாருக்காக அது தயாரிக்கப்படுகிறதோ அவர்களுள் சிலரிடமே மாதிரியைக் காட்டி, “இது என்ன சொல்கிறது?” என்று கேட்டறிய வேண்டும். அவர்களுடைய விடை தவறானால், திருத்தப்பட வேண்டியது சுவரொட்டியே, மக்கள் அல்லர்.