மணலில் தொடங்கும் கணனிப் பாடம்

"இருக்கவே இடமில்லை, பிள்ளைக்குக் கணனி எங்கே?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் செய்நிரல் எழுதும் முதற்பாடத்துக்குக் கணனி தேவையில்லை.

செய்நிரல் என்பது என்ன?

ஒரு வேலையைக் கணனி செய்வதற்காகப் படிப்படியாக எழுதும் கட்டளைகளே செய்நிரல். தோட்டத்தில் தண்ணீர் மாறுபவருக்கு இது புதிதல்ல. பாத்தி நிறையும்வரை தண்ணீர் விடுகிறோம். நிறைந்ததும் அடுத்த பாத்திக்குத் திருப்புகிறோம். கடைசிப் பாத்திவரை இதையே செய்கிறோம். வரிசை, நிபந்தனை, திருப்பிச் செய்தல் ஆகிய மூன்றும் இதில் உள்ளன. செய்நிரலுக்கும் இவையே அடிப்படை.

ஆமை விளையாட்டு

1967இல் அமெரிக்காவில் சிமோர் பப்பேட்டும் அவரோடு சேர்ந்தோரும் பிள்ளைகளுக்காக 'லோகோ' என்ற கணனி மொழியை உருவாக்கினர். அதில் ஓர் 'ஆமை' கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும். வழி தெரியாவிட்டால் பிள்ளை தானே ஆமையாகி நடந்து பார்க்கலாம். இதை நாம் முற்றத்தில் செய்வோம்.

1. ஒரு பிள்ளை ஆமை. தடியால் மணலில் கோடு இழுத்தபடி நடக்கட்டும்.

2. மற்றப் பிள்ளை கட்டளைகளை எழுதி வாசிக்கட்டும். சொன்னதை மட்டுமே ஆமை செய்யவேண்டும்.

3. சதுரம் வரைய: "முன்னே 5 அடி, வலப்பக்கம் 90 பாகை திரும்பு." இதை நான்கு முறை எழுதாமல், "4 தடவை செய்" என்று சுருக்கலாம்.

4. அடுத்தது சமபக்க முக்கோணம். பலர் 60 பாகை என்பார்கள், கோடு மூடாது. சுற்றி வர மொத்தம் 360 பாகை திரும்பவேண்டும். அதை 3ஆல் பிரித்தால் 120.

பிழை வந்தால்

ஆமை வேலியில் முட்டினால் பிழை பிள்ளையில் இல்லை, கட்டளையில்தான். எந்த வரி பிழை என்று இருவருமாகத் தேடட்டும். பள்ளிக்கூடம் விட்டுப்போன பிள்ளையை "மொக்கு" என்று ஏசாதீர்கள். பிழையைத் தேடித் திருத்துவது செய்நிரல் எழுதுவோரின் அன்றாட வேலை.

கணனி கிடைக்கும்போது

2007இல் வெளிவந்த 'ஸ்கிராச்' இலவசமானது. கட்டளைத் துண்டுகளைப் பொருத்தினால் போதும். ஒருமுறை கணனியில் பதித்துவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். கணனி ஒன்றே என்றால், ஒருவர் சொல்ல மற்றவர் இயக்கி, பின்னர் மாறிக்கொள்ளலாம்.

பயிற்சி: ஆறு பக்கம் சமமான உருவத்துக்கு ஒவ்வொரு மூலையிலும் எத்தனை பாகை திரும்பவேண்டும்? பிள்ளைகளோடு நடந்து பாருங்கள்.