நெல் அவிக்கும் முற்றத்து அடுப்பு: தெரிவும் பராமரிப்பும்

காலபோக நெல் வீடு வந்து சேர்ந்ததும் முற்றத்து அடுப்புக்கு வேலை தொடங்குகின்றது. அரிசி ஆலைகள் பெருகிய பின்னரும், தம் வயலில் விளைந்த நெல்லைத் தாமே ஊறவைத்து, அவித்து, காயவிட்டுக் குற்றுவிக்கும் குடும்பங்கள் வட மாகாணத்திலும் கிழக்கு மாகாணத்திலும் உள்ளன. 2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயு கிடையாமற்போன மாதங்களில், விறகடுப்பை மறந்திருந்த நகர்ப்புறத்தாரும் முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சோறு சமைத்தனர். மண் அடுப்பைப் பழைய காலத்துப் பொருள் என்று ஒதுக்கிவிட இயலாது.

சோற்றுப்பானைக்கு ஏற்ற அடுப்பு வேறு. கிடாரத்துக்கு ஏற்ற அடுப்பு வேறு. இவ்வேறுபாட்டைப் பலர் கருதுவதில்லை. ஒரு புசல் நெல்லின் நிறை ஏறக்குறைய 21 கிலோகிராம். இரண்டு புசல் நெல்லை ஊறவைத்தால், அது தன் நிறையில் மூன்றில் ஒரு பங்களவு நீரை உறிஞ்சி 55 கிலோகிராம் வரை கனக்கும். கிடாரத்தின் அடியில் விடும் நீரையும் கிடாரத்தின் நிறையையும் சேர்த்தால் 70 கிலோகிராமுக்கு மேலாகும். வளர்ந்த ஒருவர் அடுப்பின் மேல் ஏறி நிற்பதற்கு அது ஒப்பாகும். அந்நிலையில் அடுப்பின் ஒரு பக்கம் இடிந்தால், கொதிநீர் விழுவது அடுப்பின் வாயருகே குந்தியிருந்து விறகு தள்ளும் பெண்ணின் மீதும், அவள் அருகில் நிற்கும் பிள்ளையின் மீதுமே.

மண் அடுப்பு ஏன் இடிகின்றது? நெருப்பினால் என்றே அநேகர் எண்ணுவர். நன்றாகச் செய்த மண் அடுப்பு நெருப்பினால் இறுகுமேயன்றிக் கெடுவதில்லை. அதைக் கெடுப்பது நீர். சுவரினுள் உலராது நின்ற நீர், மழையில் ஊறிய நீர், பொங்கி வழிந்த கஞ்சி, நெருப்பை அணைக்க ஊற்றிய நீர் ஆகியவையே அடுப்பின் பகைகள். அடுப்பைத் தெரிவதும் பேணுவதும் பெரும்பாலும் இப்பகைகளை விலக்குவதேயாகும்.

கல் அடுப்பில் ஓர் எச்சரிக்கை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கு தோண்டினும் சுண்ணாம்புக்கல் கிடைக்கும். எளிதிற் கிடைப்பதனால் அதையே அடுப்புக்கல்லாக வைப்பது வழக்கமாகிவிட்டது. இது நல்ல வழக்கமன்று. செங்கனல் படும் முகத்தில் அக்கல் சிறிது சிறிதாக நீறுகின்றது. சுண்ணாம்புச் சூளையில் நிகழ்வதே இங்கும் நிகழ்கின்றது. பின்பு ஒரு மழை பெய்தால் நீறிய பகுதி பொருமி உதிரும். மேலே பார்த்தால் கல் கல்லாகவே இருக்கும்; உள்ளே பிடிப்பு இராது. ஈரத்தில் ஊறிய கல் பெருநெருப்பில் வெடித்துச் சிதறுதலும் உண்டு. கிணற்றடியிலோ கடற்கரையிலோ கிடந்த கல்லை எடுத்துவந்து அன்றே அடுப்பில் வைத்தல் ஒருபோதும் ஆகாது.

தெரிவு செய்தல்

கிடாரத்துக்குப் பொருத்தமானது செங்கல்லும் களிமண்ணும் சேர்ந்த அடுப்பு. நன்கு வெந்த செங்கற்களால் மூன்று தூண்களை எழுப்பி, அவற்றைச் சூழ மண்சுவர் வைத்தல் வேண்டும். பாரத்தைச் செங்கல் தாங்க, சூட்டை மண் காக்கும். இவ்விரு வேலைகளையும் மண்சுவர் ஒன்றின் மேலேயே சுமத்துவதனால்தான் பல அடுப்புகள் இரண்டாம் ஆண்டைக் காண்பதில்லை. தூண்கள் நான்காயின், ஒன்று சிறிது தாழ்ந்தாலும் கிடாரம் ஆடும். மூன்றாயின் ஆடாது.

தூண்களின் தலை மண்சுவரின் விளிம்பிலும் முக்கால் அங்குலம் உயர்ந்திருக்கட்டும். கிடாரத்துக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியால்தான் புகையும் சுவாலையும் வெளியேறும். இடைவெளி இல்லையெனில் புகை அடுப்பின் வாயால் திரும்பி முகத்தில் அடிக்கும். மிகுந்துவிட்டால் சூடு வீணே போகும். அடுப்பின் தரையிலிருந்து கிடாரத்தின் அடிவரை ஓர் அடி உயரம் போதும். வாயின் மேற்பகுதியே அடுப்பில் மிக வலிமை குன்றிய இடமாகும். அங்கே ஓர் இரும்புப் பட்டத்தை வைத்து அதன்மேல் மண் அப்புதல் நன்று.

வீட்டுச் சமையலுக்கு மாத்திரம் அடுப்பு வேண்டுவோர் குயவரிடம் சூளையிட்ட அடுப்பை வாங்கலாம். 1986ஆம் ஆண்டில் இலங்கையில் உருவாக்கப்பட்ட ‘அனகி’ அடுப்பு இவ்வகையில் பெயர்பெற்றது. ஒரே துண்டாக அமைந்த அவ்வடுப்பின் ஒரு வாயில் இடும் விறகு இரண்டு பானைகளைச் சூடாக்கும். மூன்று கல் அடுப்பிலும் விறகு குறைவாகவே செலவாகும். ஆயினும் அது குடும்பத்துச் சமையலுக்கென அமைந்தது. அதன்மேல் கிடாரத்தை ஏற்றுதல் கூடாது.

சூளையிட்ட அடுப்பை வாங்கும்போது விரல் மூட்டினால் தட்டிப் பார்த்தல் வேண்டும். கணீரென்ற ஓசை எழுந்தால் நன்கு வெந்தது. மந்தமான ஓசையாயின் வேகாததோ உள்வெடிப்புள்ளதோ ஆகும். மண்ணில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் அவை சுண்ணாம்புத் துணிக்கைகளாக இருக்கக்கூடும். அவ்வடுப்பு வாங்கிய சில வாரங்களில், காற்றின் ஈரத்தினாலேயே அவ்விடங்களிற் பொரிந்து உதிரும். சமதரையில் வைத்து அசைத்துப் பார்த்தலும் அவசியம். விலை மலிவு என்று ஆடும் அடுப்பை வாங்கியவர், பின்பு அதன் கீழ் ஓட்டுத்துண்டு செருகிச் செருகியே அலுத்துப்போவர்.

இவ்வகை அடுப்பைச் சூழக் களிமண் பூசினால் சூடு நெடுநேரம் நிற்கும். பூசுமுன் அடுப்பின் வெளிப்புறத்தை நீர் தெளித்து நனைத்தல் வேண்டும். நனைக்காவிட்டால், சுட்ட மண் பூச்சின் நீரை உடனே உறிஞ்சிவிடும். பூச்சுக் கழன்று விழும்.

மண்ணும் பதமும்

அடுப்பு மண்ணுக்குப் புற்றுமண் சிறந்தது என்பது ஊரறிந்த செய்தி. கைவிடப்பட்ட புற்றாக இருந்தாலும் பாம்பு இருக்கக்கூடுமாதலால், முதலில் தடியினால் தட்டிப் பார்த்தே வெட்டுதல் வேண்டும். புற்றுமண் கிடையாத இடத்தில் குளத்துக் களிமண் போதும். அதைக் கல்லும் வேரும் நீக்கி அரித்துக்கொள்ளல் வேண்டும்.

மண்ணின் தரத்தை அறிய எளிய பரீட்சை ஒன்று உண்டு. குழைத்த மண்ணைச் சுண்டுவிரல் அளவு திரியாக உருட்டி, பெருவிரலைச் சுற்றி வளைத்துப் பார்க்கலாம். திரி உடைந்தால் மணல் அதிகம். களி சேர்த்தல் வேண்டும். உடையாமல் கையில் ஒட்டிக்கொண்டே வந்தால் களி அதிகம். அப்படியே கட்டினால் உலரும்போது சுருங்கி வெடிக்கும். அதற்கு மணலும், விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலும், உமியும் சேர்த்தல் வேண்டும். வைக்கோல் வெடிப்பைத் தடுக்கும். உமி, அடுப்பு எரியும்போது தானும் எரிந்து, சுவரில் நுண்ணிய வெற்றிடங்களை விட்டுச்செல்லும். அவ்வெற்றிடங்கள் சூடு வெளியே கடவாது காக்கும். குழைத்த மண்ணை ஈரச்சாக்கினால் மூடி நான்கைந்து நாள் புளிக்கவிட்டு, மீண்டும் மிதித்துக் கட்டினால் பிடிப்பு மிகும். பொறுமையற்றோர் இந்நாட்களை விட்டுவிடுவர். அடுப்பு அதைக் காட்டிக்கொடுக்கும்.

இடம்

தரையை ஆறு அங்குலம் உயர்த்தி மேடை கட்டி, அதன்மேல் அடுப்பை அமைத்தால் முற்றத்து வெள்ளம் அடியை அரிக்காது. கிடுகுக் கூரை, கிடுகு வேலி, வைக்கோற்போர் ஆகியவற்றிலிருந்து இருபது அடியாவது விலகியிருத்தல் அவசியம். சிறுபோக நெல்லை அவிக்கும் காலத்தில் சோளகக் காற்றுப் பலமாக வீசுமாதலால் அப்பொழுது இருபது அடியும் போதாது. அடுப்பின் வாய் காற்றுக்கு நேர் எதிராக இருந்தால் விறகு விரைந்தெரிந்து பொறி பறக்கும்; காற்றுக்கு முதுகு காட்டினால் புகை வாய்வழியே வரும். காற்று பக்கவாட்டிற் படும்படி வாயை அமைத்து, காற்று வரும் பக்கத்தில் தகரத்தட்டி ஒன்றை நிறுத்துதல் சாலச் சிறந்தது.

முதல் நெருப்பு

கட்டிய அடுப்பை நிழலிலே பத்து நாள் உலரவிடுதல் வேண்டும். நேர்வெயிலில் வைத்தால் வெளிப்புறம் மாத்திரம் காய்ந்து சுருங்கி வெடிக்கும். பத்து நாளின் பின்பும் சுவரின் நடுவில் ஈரம் இருக்கவே செய்யும். நீர் ஆவியாகும்போது தன் கனவளவில் 1,600 மடங்குக்கும் மேலாகப் பெருகுகின்றது. சுவரினுள் அகப்பட்ட ஈரம் பெருநெருப்பில் ஒரேயடியாக ஆவியானால், வெளியேற வழியின்றிச் சுவரைப் பிளந்துவிடும். ஆதலால் முதல் நாள் பன்னாடையோ வைக்கோலோ இட்டுக் கால்மணி நேரம் மாத்திரம் எரிக்கலாம். மறுநாள் சிறு சுள்ளி. அதற்கடுத்த நாட்களில் சிறிது சிறிதாக மிகுந்த நெருப்பு. சுவரின் வெளிப்புறத்தில் ஈரக்கறை தோன்றாத நாளே கிடாரம் ஏற்றத் தகுந்த நாள். நெல்லை ஊறப்போட்டுவிட்டு அடுப்புக் கட்டத் தொடங்குவோருக்கு இவ்வளவு நாள் கிடைப்பதில்லை. அறுவடைக்கு ஒரு மாதம் முன்னரே அடுப்பு வேலையை முடித்தல் வேண்டும்.

விறகு

பச்சை விறகின் நிறையில் ஏறக்குறையப் பாதி நீர். அந்நீரை ஆவியாக்கவே நெருப்பின் பெரும்பகுதி செலவாகின்றது, எஞ்சுவது புகை. வேலியிற் கதியாக நிற்கும் பூவரசு, சீமைக்கிளுவை முதலியவற்றை வெட்டி, மணிக்கட்டுத் தடிப்பாகப் பிளந்து, மழைபடாத இடத்தில் அடுக்கிவைத்தால் அடுத்த போகத்துக்கு நல்ல விறகாகும். பொச்சுமட்டை, சிரட்டை, கங்குமட்டை, ஊமல் ஆகியனவும் தக்க எரிபொருள்களே. அலரிக் கொம்பை எரித்தல் கூடாது. அதன் புகையும் நச்சு. நிறம் பூசிய பலகையையும் பொலித்தீனையும் அடுப்பில் இடுவோர், தம் வீட்டாரே அப்புகையைச் சுவாசிப்பர் என்பதை எண்ணுவதில்லை.

முற்றத்தில் எரிவதனால் புகை தீங்கு செய்யாது என்பதும் தவறு. நாள் முழுதும் அடுப்பின் வாயருகே இருப்பவரின் கண்ணையும் நெஞ்சையும் அது தாக்கும். நீளமான விறகை இட்டு, எட்டி இருந்து தள்ளுதல் நன்று. மழை வந்துவிட்டதென்று கனலை அறைக்குள் எடுத்துச்சென்று கதவைச் சாத்துதல் உயிருக்கே ஆபத்து. கனலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் அதை அறியமாட்டார்.

அன்றாடப் பராமரிப்பு

வேலை முடிந்ததும் விறகை வெளியே இழுத்து மணலினால் அணைத்தல் வேண்டும். சூடான அடுப்பில் நீர் ஊற்றினால், ஒரு பருவம் முழுதும் காத்த அடுப்பு ஒரு நொடியில் வெடிக்கும். கிடாரத்தில் நீரைக் கழுத்துவரை நிரப்பாது விட்டால் பொங்கி வழிதலையும் தவிர்க்கலாம்.

மயிரிழை போன்ற வெடிப்புகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. நகம் நுழையும் அளவு வெடிப்பாயின், அதைச் சுரண்டி அகலமாக்கி, நீர் தெளித்து, முன்பு கட்டிய அதே கலவையை உள்ளே அழுத்தி அடைத்தல் வேண்டும். மேலே தடவி மறைப்பதனாற் பயனில்லை. தூண் அசைந்தாலோ, வாயின் மேற்பகுதி தாழ்ந்தாலோ அன்றைய நெல் அவிப்பை நிறுத்துதல் வேண்டும். ஊறிய நெல் புளிக்கும் என்ற அவசரத்தினால் அதன்மேல் கிடாரத்தை ஏற்றுதல் ஆகாது. ஒரு நாள் நெல் கெட்டால் கெடட்டும். கொதிநீர் பட்டுவிட்டால், அவ்விடத்தை ஓடும் குளிர்ந்த நீரின்கீழ் இருபது நிமிடம் பிடித்து, பின் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். எண்ணெயோ சாம்பலோ பற்பசையோ பூசுதல் புண்ணைக் கெடுக்கும்.

வாரம் ஒருமுறை சாணமும் களிமண்ணும் கரைத்து மெழுகினால் மேற்பரப்பு உதிராது. மழைக்காலத்தில் நாலு கம்பு நட்டுத் தகரக்கூரை போட்டுவைத்தல் நன்று. அடுப்பைப் பொலித்தீனினால் இறுக மூடினால் அடியிலிருந்து எழும் ஈரம் வெளியேறாது உள்ளேயே நின்றுவிடும். நெடுநாள் எரியாத அடுப்பில் பூனை படுத்திருக்கும். சில வேளை பாம்பும் இருக்கும். மூட்டுமுன் ஒரு கோலினால் கிளறிப் பார்த்தல் நல்லது.

சாம்பலை அடிக்கடி அள்ளி, மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் இரண்டு நாள் ஆறவிட்ட பின்னரே வெளியே கொட்டுதல் வேண்டும். அணைந்ததுபோற் தோன்றும் சாம்பலில் மறுநாளும் கனல் இருக்கும். ஆறிய விறகுச் சாம்பலில் பொட்டாசியம் உண்டு; புளிப்பான மண்ணில் தென்னைக்கும் வாழைக்கும் இடலாம். சுண்ணாம்புக்கல்லின் மேற் படிந்த குடாநாட்டு மண்ணுக்கு அதைச் சிறிதளவே இடுதல் வேண்டும். மிகுந்தால் மண்ணின் காரத்தன்மை ஏறும். யூரியாவுடனோ அமோனியஞ் சல்பேற்றுடனோ சாம்பலைக் கலந்து வைத்தால், பசளையின் நைதரசன் அமோனியா வாயுவாகி வீணே காற்றிற் போய்விடும்.