‘ஃபீஸைக் கழிச்சுட்டு மிச்சத்தைப் போடுங்க’: முன்பணம் கேட்கும் கடன் மோசடியை அடையாளம் காண

கொடைக்கானல் மலையில் ஒருவருக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை என்றால், குறை பெரும்பாலும் ஆளிடம் இருக்காது, காகிதத்தில் இருக்கும். மேல்மலையில் பூண்டும் கேரட்டும் போடுகிறவர் குத்தகைக்காரராக இருப்பார். சொந்த நிலம் என்றாலும் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கும், பங்காளிகள் நாலு ஊரில் இருப்பார்கள். டவுனில் இரண்டு அறை கூட்டிக் கட்டி விருந்தினருக்கு விடலாம் என்று நினைப்பவரிடம் வங்கி கட்டட அனுமதியைக் கேட்கும். கட்டட விதிக்கு 1993ஆம் ஆண்டு மாஸ்டர் பிளானை இன்னும் பேசிக்கொண்டிருக்கும் ஊரில் அந்தத் தாள் எத்தனை பேரிடம் இருக்கிறது? மேலாளர் கையை விரிப்பார்.

மோசடிக்காரனுக்கு வேண்டியது இப்படிக் கை விரிக்கப்பட்டவர்தான். அவன் ஆயிரம் எண்களுக்கு அடிக்கிறான். பணமுடை இல்லாதவர் முதல் வாக்கியத்திலேயே போனை வைத்துவிடுவார். விதைப்பூண்டுக்குப் பணம் தேடிக்கொண்டிருப்பவர் வைக்க மாட்டார்.

முதல் படி: குரலைப் பார்க்காதீர்கள், வரிசையைப் பாருங்கள்

இந்தியில் பேசினால் திருடன், தமிழில் பேசினால் நம்மவர் என்ற கணக்கு இங்கே உதவாது. கடன் வாங்கித் தருவதாகச் சொல்லும் போலி கால் சென்டர்கள் சென்னையிலேயே பிடிபட்டிருக்கின்றன. பேசுகிறவர் சுத்தமான தமிழில், மரியாதையாக, உங்களைவிடப் பொறுமையாகப் பேசுவார். ஆனால் அவர் சொல்லும் விஷயங்கள் வரும் வரிசை மாறுவதே இல்லை.

முதலில் நல்ல செய்தி: “சார், உங்க நம்பருக்கு அஞ்சு லட்சம் முத்ரா லோன் அப்ரூவ் ஆயிருக்கு.” நீங்கள் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டீர்கள். அடுத்து ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் ஒப்புதல் கடிதம் வரும். அசோகச் சின்னம், ரப்பர் முத்திரை, கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். அதற்குப் பிறகுதான் பணப் பேச்சு.

அந்தப் பேச்சு எப்படி ஏறும் என்பதற்கு நான் போட்ட ஓர் உதாரணக் கணக்கு: ஃபைல் சார்ஜ் 2,500. கட்டியதும் கடனுக்கு இன்சூரன்ஸ் 7,500, “இது ரீஃபண்டபிள் சார்.” பிறகு, நீங்கள் தந்த கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறிப்போய்ப் பணம் நடுவில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி, அதைத் திருத்த 15,000. கடைசியில் ரிசர்வ் வங்கி என்ஓசி என்று 25,000. ஆக 50,000 போயிற்று. இதில் முதல் இரண்டு தொகைதான் கடனுக்காகக் கட்டியது. மூன்றாவதிலிருந்து, முன்னால் போட்ட பணத்தை மீட்பதற்காகவே மேலும் மேலும் போடுகிறார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமில்லாமல் ஆள் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

முத்ரா பெயரை இவர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. 2015 ஏப்ரலில் தொடங்கிய திட்டம் என்பதால் எல்லோருக்கும் பெயர் தெரியும், விதிகள் தெரியாது. முத்ரா நிறுவனம் தனி ஆளுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. வங்கிகள், நிதி நிறுவனங்கள் மூலமாகத்தான் கடன் வரும், அதற்கு ஏஜெண்டும் கிடையாது. பத்து லட்சம் முத்ரா கடன் தயார், 4,500 ரூபாய் கட்டுங்கள் என்று சுற்றிய ஒரு கடிதத்தை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் போலி என்று அறிவித்தது. அப்படியும் அதே அச்சில் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஏமாறுவது ஏழைகள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் தில்லி பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் நடிகர் ‘பவர் ஸ்டார்’ சீனிவாசனைச் சென்னையில் கைது செய்தார்கள். 1,000 கோடி ரூபாய் கடன் ஏற்பாடு செய்வதாகச் சொல்லி ஒரு நிறுவனத்திடம் 5 கோடி பெற்றார் என்பது அவர்கள் வைக்கும் குற்றச்சாட்டு. 2013இலும் கடன் வாங்கித் தருவதாகப் பணம் பெற்றார் என்ற புகாரில் சென்னை போலீஸ் அவரைக் கைது செய்திருந்தது. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நாம் கவனிக்க வேண்டியது புகாரின் வடிவம்: வக்கீலும் ஆடிட்டரும் வைத்திருக்கும் நிறுவனமே வராத கடனுக்கு முன்பணம் கொடுத்ததாகப் புகார் சொல்கிறது.

இரண்டாம் படி: ஒரே ஒரு கேள்வி

பணம் என்ற சொல் வந்ததும் இதைக் கேளுங்கள்.

“சரிங்க, அந்த ஃபீஸை லோன்லயே கழிச்சுட்டு மிச்சத்தைப் போடுங்க.”

“அப்படி சிஸ்டம் எடுக்காது சார். ஆர்பிஐ ரூல்ஸ்.”

“அப்ப கொடைக்கானல் பிராஞ்சுல வந்து கட்டி ரசீது வாங்கிக்கிறேன்.”

“இது ஆன்லைன் ஸ்கீம் சார், பிராஞ்சுல தெரியாது. இன்னைக்கு அஞ்சு மணியோட குளோஸ் ஆயிடும்.”

இவ்வளவு போதும். ஐந்து லட்சம் கொடுக்கத் தயாராக இருக்கிறவர்களுக்கு அதிலிருந்து 2,500 கழிக்க முடியவில்லை என்றால், ஐந்து லட்சம் அங்கே இல்லை. ரிசர்வ் வங்கியில் அப்படி ஒரு விதியும் இல்லை. பொதுமக்களின் கடனை விடுவிப்பதற்கென்று ரிசர்வ் வங்கி எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை.

ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘உண்மையான வங்கி முன்னால் ஒரு பைசாகூட வாங்காது’ என்று எச்சரிக்கை நோட்டீசுகளில் போடுவார்கள். அது முழு உண்மை இல்லை. வீட்டுக் கடனுக்கும் சொத்து அடமானக் கடனுக்கும் விண்ணப்பக் கட்டணம், வக்கீல் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் ஆகும் செலவு ஆகியவற்றைச் சில வங்கிகள் கடன் வருவதற்கு முன்பே வாங்குவது உண்டு. அந்த நோட்டீசை மட்டும் நம்பினால் நல்ல வங்கியையும் சந்தேகப்படுவீர்கள். “பெரிய பேங்க்கே வாங்குதே சார்” என்று மோசடிக்காரன் மடக்கினால் வாயடைத்தும் போவீர்கள். வித்தியாசம் பணம் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. வங்கி வாங்கினால் அது வங்கியின் கணக்குக்குப் போகும், ரசீது வரும். மோசடியில் அது யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கோ ஜிபே எண்ணுக்கோ போகும். யுபிஐயில் அனுப்பும்போது, பெறுபவரின் பெயர் வங்கிப் பதிவில் உள்ளபடி திரையில் வரும். பின் நம்பரைத் தட்டுவதற்கு முன் அதைப் படியுங்கள். பேசியது ஃபைனான்ஸ் கம்பெனி, திரையில் வருவது ஒரு தனி ஆளின் பெயர் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மூன்றாம் படி: தாளைக் கேளுங்கள்

2024 அக்டோபர் முதல், வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபர்களுக்கும் சிறுதொழில்களுக்கும் கொடுக்கும் கடனுக்குக் கையெழுத்துக்கு முன் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும். கடனாளிக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும்; தமிழில் கேட்பது உங்கள் உரிமை. வட்டி, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டுச் செலவு விகிதம், தவணை அட்டவணை எல்லாம் அதில் வந்தாக வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வாங்க முடியாது. போலி ஒப்புதல் கடிதத்தில் ‘வாழ்த்துகள்’ பெரிய எழுத்தில் இருக்கும், இந்தக் கணக்கு இருக்காது.

நிறுவனத்தின் பெயரை ரிசர்வ் வங்கி இணையதளத்தில் உள்ள பதிவுப் பட்டியலில் பாருங்கள். கடன் ஆப் என்றால், 2025 ஜூலையிலிருந்து அதற்கும் அங்கே தனிப் பட்டியல் இருக்கிறது. பெயர் இருந்துவிட்டால் மட்டும் போதாது, ஏனென்றால் பிரபலமான கம்பெனியின் பெயரையே திருடிப் பேசுவது இவர்களுக்குச் சாதாரணம். பட்டியலில் கிடைத்த கம்பெனியின் சொந்த எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். அவர்கள் கொடுத்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். சேவை அழைப்புகளுக்கு 1600 என்றும் விளம்பர அழைப்புகளுக்கு 140 என்றும் தொடங்கும் எண்களையே வங்கிகள் பயன்படுத்த வேண்டும் என 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கிளை ஊழியர் இன்னும் சொந்த மொபைலில் கூப்பிடுவது நடக்கிறது என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

நான்காம் படி: கொடுக்கக் கூடாதவை

ஓடிபி கொடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, ‘செக்யூரிட்டிக்கு’ என்று கேட்கப்படும் ஏடிஎம் கார்டு, சிம், வெற்றுக் காசோலை ஆகியவற்றின் ஆபத்து. உங்கள் கணக்கு வழியாக வேறு யாரையோ ஏமாற்றிய பணத்தைக் கடத்துவார்கள். பிறகு எங்கோ வெளிமாநிலத்துப் போலீஸ் உங்கள் கணக்கை முடக்கும். கடனும் வராது, வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விற்று வந்த பணத்தையும் எடுக்க முடியாது. திரையைப் பகிரும் ஆப், வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல் எதையும் போனில் ஏற்றாதீர்கள்.

ஐந்தாம் படி: உண்மையான கதவுகள்

குத்தகைக்காரருக்குக் கடனே கிடையாது என்பது தவறு. கிசான் கடன் அட்டை குத்தகைதாரருக்கும் உண்டு. ஆவணம் இல்லாத வாய்மொழிக் குத்தகைக்காரர் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்தும் வாங்கலாம். பயிர் வைத்திருப்பதற்குச் சான்றாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் கேளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டினால் வட்டி இல்லை. 50,000 வரையான சிசு முத்ரா கடனுக்குப் பெரும்பாலான வங்கிகள் செயலாக்கக் கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; வங்கியில் கொடுத்த புகாருக்குப் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண் இருக்கிறது. இவை எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும், மறுக்கவில்லை.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா?

முதல் வேலை, சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைப்பது. திண்டுக்கல் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் பஸ் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும். மேல்மலையில் கிளாவரை, பூண்டி பக்கம் சிக்னல் இல்லையென்றால், இருக்கும் இடத்துக்கு நடந்து போயாவது முதலில் அழையுங்கள், பிறகு மலை இறங்கலாம். அனுப்பிய நேரம், தொகை, 12 இலக்க யுடிஆர் எண், எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரங்களை எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். பணம் இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் நின்றிருந்தால் அதை அங்கேயே நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் முழுப் புகாரைப் பதியுங்கள். அதே நாளில் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். கொடைக்கானல் காவல் நிலையத்திலும் மனு கொடுக்கலாம். எல்லை காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது.

அரட்டையை அழிக்காதீர்கள். அவமானமாக இருக்கிறது என்று பலர் வாட்ஸ்அப்பை முதலில் துடைத்துவிடுவார்கள். கையிலிருக்கும் சாட்சி அதோடு போய்விடும். ஆதார் கொடுத்திருந்தால் அதன் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை எடுத்து, தெரியாத கடன் ஏதாவது உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

“கேன்சல் பண்ணினா கோர்ட் நோட்டீஸ் வரும்” என்று மிரட்டுவார்கள். வாங்காத கடனுக்கு யாரும் வழக்குப் போட முடியாது. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு அழைப்பு வரலாம்: சைபர் போலீஸ் என்றோ, வக்கீல் என்றோ, ரிசர்வ் வங்கி என்றோ சொல்லி, போன பணத்தை மீட்டுத் தருகிறோம், அதற்கு 3,000 கட்டுங்கள் என்பார்கள். பெரும்பாலும் அதே கும்பல்தான், அல்லது அவர்களிடமிருந்து உங்கள் எண்ணை வாங்கியவர்கள். முடக்கப்பட்ட பணம் உரிய சட்ட நடைமுறை முடிந்து உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்பும். அதற்காகப் போலீசார் ஜிபேயில் கட்டணம் வாங்குவதில்லை.