கபடிக்குக் கால் பலம்: தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பொங்கல் நெருங்கினால் கள்ளக்குறிச்சி அருகே கச்சிராயபாளையம் பக்கம் கபடி பேச்சு சூடுபிடிக்கும். வருஷம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, கடைசிப் பத்து நாளில் உடம்பைப் போட்டு வதைப்பார்கள். பதினெட்டு வயதில் நானும் அதைத்தான் செய்தேன். முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓட்டம் மட்டும் போதாது

கோமுகி அணை வரை தினமும் ஓடினால் மூச்சு தாங்கும், நல்லதுதான். ஆனால் ரைடு 30 விநாடிதான். பிடித்தவர்களை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொடத் தேவை வெடிக்கிற பலம். அதற்குப் பளு ஏற்றிய பயிற்சியும் வேண்டும்.

முதல் இரண்டு வாரம்: தரையிறங்கப் பழகுங்கள்

ஒரு படிக்கட்டு உயரத்திலிருந்து குதித்து, சத்தம் வராமல் இறங்குங்கள். முட்டி இரண்டும் உள்பக்கம் சாயக்கூடாது. கால்விரல் பார்க்கும் திசையிலேயே மடங்க வேண்டும். ஜவ்வு கிழிவது பெரும்பாலும் முட்டி உள்பக்கம் சாய்ந்து இறங்கும்போதும், சட்டென்று திரும்பும்போதும்தான்.

மூன்றாம் வாரம்: மணல் மூட்டை

ஜிம் வேண்டாம். பழைய பள்ளிப் பையில் 8 கிலோ மணலை எடைபோட்டுக் கட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுங்கள். எட்டு முறை, மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் முதுகு வளையக்கூடாது. சுலபமாக வந்தால் அடுத்த வாரம் ஒரு கிலோ கூட்டுங்கள்.

பிறகு பின்தொடை. மண்டியிடுங்கள், நண்பர் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்ந்து, கைகளால் தரையைத் தாங்குங்கள். நான்கு முறை போதும். மறுநாள் நடக்கும்போதே தெரியும்.

ஓய்வும் சாப்பாடும்

பயிற்சியில் தசை களைக்கிறது. ஓய்விலும் தூக்கத்திலும்தான் தேறிப் பலம் ஏறுகிறது. ஒருநாள் கால் பயிற்சி செய்தால் அடுத்த 48 மணி நேரம் கனமான கால் பயிற்சி வேண்டாம். வாரம் இரண்டு நாள் தாராளம். எட்டு மணி நேரம் தூங்குங்கள். போனைத் தள்ளி வையுங்கள்.

நம் ஊரில் கிடைக்கும் மரவள்ளிக்கிழங்கு தெம்பு தரும், ஆனால் புரதம் மிகக் குறைவு. கூடவே முட்டையோ கொள்ளோ வேர்க்கடலையோ இருக்கட்டும். நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது.

பார்க்க ஒரு கண்

பளு தூக்கும்போது நம் தவறைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர் வேலூர் சதீஷ் சிவலிங்கம். அவருடைய அப்பாவும் பளுதூக்கும் வீரர். வீட்டிலேயே விஷயம் தெரிந்த கண் இருந்தது. நாம் உடற்கல்வி ஆசிரியரைக் கேட்கலாம், கள்ளக்குறிச்சியில் மாவட்ட விளையாட்டு அலுவலரை அணுகலாம். அதுவரை பக்கவாட்டில் நின்று ஒருவர் வீடியோ எடுத்தாலே முதுகு வளைவது தெரிந்துவிடும்.

எப்போது நிறுத்துவது

தசை வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். முட்டியில் ‘டப்’பென்று சத்தம் கேட்டு வீங்கினால் அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். நான் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே மூன்று மாதம் ஆடினேன். இன்றும் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை.