டீசல் பிக்கப்: இழுவையும் வேண்டும், உழைப்பும் வேண்டும்

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் வட்டாரங்களில் முந்திரி, மக்காச்சோளம், பருத்தி, காய்கறி ஆகியவற்றை விற்பனைக்குக் கொண்டு செல்ல, சிறு விவசாயிகள் பழைய டீசல் பிக்கப் வண்டிகளை வாங்கி ஓட்டி வருகின்றனர். 2005-ல் டாடா ஏஸ், 2011-ல் ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் ஆகியவை வந்த பிறகு, சிறு பாரத்திற்கு லாரியை எதிர்பார்க்க வேண்டிய நிலை பெரிதும் குறைந்துவிட்டது.

பழைய வண்டியை வாங்கிச் சில மாதங்களில் 'இழுவை போதவில்லை' என்ற குறை எழுவது வழக்கம். 'பம்பைச் சற்றுத் திறந்துவிட்டால் பறக்கும்' என்று யோசனை கூறுவோரும் உண்டு. இந்த யோசனையைக் கேட்டுவிட்டு அறுவடைச் சமயத்தில் என்ஜின் படுத்துக்கொண்டால், ஒரு போகத்து வருமானம் பட்டறைக்குப் போய்விடும்.

டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று சுமார் 16 முதல் 22 மடங்கு வரை அழுத்தப்பட்டு, 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் காற்றின் அளவுக்கு மேல் டீசல் எரியாது. பம்பைத் திறந்து டீசலைக் கூட்டினால் முதலில் இழுவை கூடியதுபோல் தோன்றும். பின்னால் கரும்புகையும் கூடும். அளவு மீறிய வெப்பத்தால் பிஸ்டன் தலை உருகுவதும், ஹெட் கேஸ்கட் போவதும் இதன் தொடர்ச்சியே. மின்னணு முறையில் இயங்கும் புதிய வண்டிகளில் 'சிப்' மாற்றுவதும் இதே வேலைதான். பெயர் மட்டுமே வேறு.

ஆகவே புதிதாக இழுவை சேர்ப்பதற்கு முன், இருந்த இழுவை எங்கே போயிற்று என்று தேட வேண்டும்.

இழுவை போகும் வழிகள்

முதலில் பார்க்க வேண்டியது காற்று வடிகட்டி. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசியிலும், வயல்காட்டு மண் பாதையிலும் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் கண்ட கெடுவுக்கு முன்னதாகவே வடிகட்டியை மாற்ற நேரும். தரையில் தட்டித் தட்டிப் பயன்படுத்துவது சரியல்ல. தாளில் சிறு கிழிசல் இருந்தாலும் அதன் வழியே போகும் தூசி, ரிங்கையும் லைனரையும் அரம்போல் தேய்த்துவிடும். டர்போ உள்ள வண்டியில் காற்று செல்லும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே காற்று கசிந்தாலும் கரும்புகை வரும், இழுவை குறையும். பலர் இதை அறியாமல் பம்பைக் கழற்றிவிடுகின்றனர்.

அடுத்தது டீசல் வடிகட்டி. அதன் அடியில் தங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை திறந்துவிட வேண்டும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. டீசலே பம்புக்கு மசகாகவும் இருப்பதால், கலப்படம் பம்பைத் தின்றுவிடும். நாசில்களைக் கழற்றிச் சோதிக்கும் வேலை, பம்ப் பட்டறையில் மட்டுமே நடக்க வேண்டும்.

என்ஜின் சத்தம் ஏறியும் வண்டி நகரவில்லை என்றால் குறை கிளட்ச் பிளேட்டில் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டு சென்றால், ஒன்று மட்டும் அதிகம் சுடும் பட்சத்தில் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள். காற்றுக் குறைந்த டயரும் இழுவையைத் தின்னும்.

தண்ணீர், ஆயில், பாரம்

ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றுவது இப்பகுதியில் பெரிய தவறு. சுண்ணாம்புப் பாறை நிலத்து நீர் கடினமானது. கொதிக்கும் பாத்திரத்தில் படிவதுபோல ரேடியேட்டர் குழாய்களிலும் படிந்து அடைத்துவிடும். வடித்த நீருடன் கூலன்ட் கலந்து ஊற்றுவதே முறை. சூடு ஏறிய என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

ஆயில் அளவை வாரந்தோறும் குச்சியில் பார்க்க வேண்டும். பாரம் இழுத்து வந்த டர்போ வண்டியை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டால், டர்போவின் பேரிங்குக்குப் போகும் ஆயில் கருகாது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது அடைபடாதிருக்க, புத்தகம் குறிக்கும் சாம்பல் குறைந்த ஆயிலையே போட வேண்டும். தோட்டத்திற்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். இடையிடையே நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டுவது நல்லது.

பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை கூட்டிப் பாரம் ஏற்றுவோர், பிரேக் பழைய அளவிலேயே இருப்பதை மறந்துவிடுகின்றனர். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. அனுமதியின்றி என்ஜினை மாற்றியமைத்தால் இன்சூரன்ஸ் இழப்பீட்டிலும் வில்லங்கம் வரும்.

பழைய வண்டி வாங்குவோர், விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைக்காத விடியற்காலையில் போய்ப் பார்க்க வேண்டும். குளிர்ந்த என்ஜின் தாமதமின்றிக் கிளம்ப வேண்டும். நீலப்புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்ததும் புகை வேகமாக வெளியே தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். என்ஜின், சேசிஸ் எண்கள் ஆர்.சி. புத்தகத்துடன் ஒத்திருப்பதைப் பார்த்த பின்பே முன்பணம் கொடுக்க வேண்டும்.