இம்பல்ஸ்: ஒரு சொல்லும் பல பொருளும்

தமிழில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் மாணவன், முதல் வாரத்திலேயே ஒரு சொல்லிடம் அகப்பட்டுக்கொள்வதுண்டு. பௌதிக ஆசிரியர் 'இம்பல்ஸ்' என்கிறார். அடுத்த மணியில் விலங்கியல் ஆசிரியரும் 'இம்பல்ஸ்' என்கிறார். இரண்டும் ஒன்றுதானா? பள்ளியில் முன்னதைக் கணத்தாக்கு என்றும், பின்னதை நரம்புத் தூண்டல் என்றும் படித்தபோது இந்தக் குழப்பம் எழவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். 'தள்ளு' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து அது பிறந்தது.

முதலில் பௌதிகத்தைப் பார்ப்போம். 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்து, விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் உங்கள் கைக்கு வருகிறது. அதன் உந்தம் 0.16 × 20 = 3.2 அலகு. பந்தை நிறுத்த இந்த உந்தம் முழுவதையும் நீக்கியாக வேண்டும். விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பதே கணத்தாக்கு. அது உந்த மாற்றத்துக்குச் சமம், இங்கே 3.2 நியூட்டன் விநாடி. கையை விறைப்பாக வைத்து 0.005 விநாடியில் நிறுத்தினால், சராசரி விசை 640 நியூட்டன். ஏறக்குறைய 65 கிலோ மூட்டையைத் தாங்குவது போல! கையைப் பின்னிழுத்து 0.05 விநாடியில் நிறுத்தினால் 64 நியூட்டன்தான். அதற்குக் கை அரை மீட்டர் பின்னுக்கு வரவேண்டும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கணத்தாக்கு இரண்டு முறையும் ஒன்றே, வலிதான் வேறு.

ராக்கெட் பொறியாளர்களும் இதே சொல்லை ஓர் அடைமொழியுடன் ஆள்கிறார்கள். எரிபொருள் தரும் மொத்தக் கணத்தாக்கை அந்த எரிபொருளின் எடையால் வகுக்கிறார்கள். நியூட்டன் விநாடியை நியூட்டனால் வகுத்தால் எஞ்சுவது வெறும் விநாடி. திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்ஸிஜனையும் எரிக்கும் நல்ல எஞ்சினுக்கு இம்மதிப்பு வெற்றிடத்தில் சுமார் 450 விநாடி. இதை எஞ்சின் ஓடும் நேரம் என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் பலர்.

பேனா வாங்கக் கடைக்குப் போனவன், கண்டவுடன் பம்பரத்தையும் வாங்கிவந்தால் அதுவும் ஆங்கிலத்தில் இம்பல்ஸ்தான். யோசனைக்கு முந்திக்கொண்ட உள்ளத்தின் உந்துதல் அது. அதற்கு அலகு கிடையாது.

இனி நரம்புக்கு வருவோம். இங்குதான் சொல் நம்மை ஏமாற்றுகிறது. நரம்பினுள் எதுவும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளப்படுவதில்லை. நரம்பிழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கிறது. தூண்டப்பட்ட இடத்தில் சவ்வின் வாயில்கள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. பிறகு பொட்டாசியம் அயனிகள் வெளியேறிப் பழைய நிலையை மீட்கின்றன. ஓரிடத்தில் இதற்கு ஆயிரத்தில் ஒன்றிரண்டு விநாடியே ஆகும். அதற்குள் பக்கத்து இடம் தூண்டப்பட்டுவிடுகிறது. சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வெடியும் தன் மருந்தாலேயே வெடிக்கிறது, முதல் வெடியின் பலத்தால் அல்ல. ஆகவே தூண்டல் வழியில் தேய்வதில்லை. சரவெடி ஒருமுறைதான் வெடிக்கும். நரம்போ சில மில்லிவிநாடிகளில் மறுபடியும் தயாராகிவிடும்!

இதன் வேகத்தை அளக்கவே முடியாமல் போகலாம் என்று கருதியவர் ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோஹன்னஸ் முல்லர். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் அதை அளந்தே காட்டினார். தவளையின் கால் நரம்பைத் தசைக்கு அருகில் ஒருமுறையும், தொலைவில் ஒருமுறையும் தூண்டினார். தசை சுருங்க எடுத்த நேரங்களின் வேறுபாட்டைக் கண்டார். விடை, விநாடிக்குச் சுமார் 30 மீட்டர். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! அயனிகளின் பங்கை விளக்கிய ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1963-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அவர்களுக்கு உதவியது கணவாய் மீனின் பருத்த நரம்பிழை.

எல்லா நரம்பிழைகளும் ஒரே வேகத்தில் செய்தி அனுப்புவதில்லை. கால் விரல் கல்லில் இடித்தால், இடித்தது உடனே தெரிகிறது. விண்ணென்று தெறிக்கும் வலியோ சற்றுத் தாமதித்தே வருகிறது. தொடுவுணர்வின் இழைகள் கொழுப்புறை பூண்டவை. விநாடிக்கு 50 மீட்டர் போலச் செல்லும். அந்த மந்தமான வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிழைகளுக்கு உறை இல்லை. அவற்றில் வேகம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். அடுத்த முறை இடித்துக்கொண்டால் இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை எண்ணிப் பாருங்கள்.